தண்ணி குடித்தவன்

வீரவநல்லூர் தாண்டி வெயில் ஏறும்போது
முன்சீட்டு நர்ஸம்மா மீதிச் சில்லறையை வாங்காமல்
என் முகத்தையே பார்த்தாள்.
"கண்டக்டர், கொஞ்சம் கீழ பாருங்க. இப்ப மேல.
மூத்திரம் என்ன நிறத்துல போகுது?"
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
கடுங்காப்பி மாதிரி என்றேன்
டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக.

வடிவு என்னைப் பார்ப்பது ராத்திரி பத்தரைக்கு மேல்,
டியூப்லைட்டில்.
அந்த வெளிச்சத்தில் எல்லாரும் கொஞ்சம் செத்த நிறம்தான்.
மஞ்சளைப் பிடிக்கப் பகல் வேண்டியிருக்கிறது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
காமாலை வராதவன் சொன்னது.
அன்றைக்கும் சேரன்மாதேவி வயல் பச்சையாகத்தான் கிடந்தது,
கொக்கு வெள்ளையாகத்தான் நின்றது.
மஞ்சளாய் இருந்த ஒரே பொருள்
எனக்குத் தெரியாத இடத்தில், என் கண்ணில்.

டைம்கீப்பர் தோளில் தட்டினார்:
"தண்ணி ஜாஸ்தியோ வேய்?"
கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டுத் தொடாதவன் நான்.
டிரைவர் ஆவுடையப்பன் இரக்கப்பட்டார்:
கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒருத்தர்
மோரில் பச்சிலை அரைத்துத் தருகிறாராம்,
மூணே நாள், கண்ணில் விடச் சொட்டும் உண்டாம்,
உப்பு புளி ஆகாதாம்.

நர்ஸம்மா சொன்ன ஊசி இன்னும் காதில் குத்த,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
ஓ.பி. சீட்டு நூற்றிநாற்பத்தொன்று.
ஒன்றைத் தாண்டக் கூடாத பிலிரூபின்
பதினொன்று புள்ளி நாலில் நின்றது.
வயிற்றில் ஜில்லென்று பசை தடவித் தேடினார்கள்:
கல் இல்லை, பித்தக் குழாயில் அடைப்பில்லை.

டாக்டரம்மா சொன்னதை
எனக்குத் தெரிந்த பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன்:
மூணு நாலு மாசம் ஓடித் தேய்ந்த சிவப்பணு
உடைந்து மஞ்சளாகி இறங்கவேண்டிய ஸ்டாப் ஈரல்.
ஸ்டாப்பில் தீப்பிடித்திருக்கிறது.
இறங்க வழியில்லாத மஞ்சள்
உடம்பெல்லாம் சுற்றி வருகிறது, டிக்கெட் இல்லாமல்.

"குடிப்பீங்களா?"
சத்தியமா இல்லம்மா.
"நான் தண்ணியைக் கேட்கேன். எங்க குடிப்பீங்க?"

டிப்போ தொட்டியில்.
சாக்கடையை உரசிப் போகிற அந்தக் குழாய்
போன மாசம் உடைந்ததும்
சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியதும்
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ரத்தம் இன்னொருமுறை போய், பெயரோடு திரும்பியது:
ஹெபடைடிஸ் ஈ.
பறக்காத ஈ. தண்ணீரில் வரும்.
மருந்து?
"ஓய்வு. ஓங்கரிப்பு வந்தா கஞ்சி. உப்பு தாராளமாப் போடலாம்.
காய்ச்சல் மாத்திரைகூட என்னைக் கேட்காம வேண்டாம்.
பச்சிலையும் வேண்டாம்,
அடிபட்ட ஈரலுக்கு ஓவர்டைம் கொடுக்காதீங்க.
தூக்கம் புரண்டாலோ, பேச்சு குழறினாலோ
ராத்திரின்னு பார்க்காம வந்துரணும்."
அரைநாள் கால்கடுக்க நின்று
மருந்தே இல்லாத ஒரு சீட்டு.

எழுந்திருக்கப் போனவனை நிறுத்தினாள்.
"வீட்டுல யாரும் மாசமா இருக்காங்களா?"

ஏழு, என்றேன்.
பேனாவை மூடிவைத்தாள்.

தினமும் வெறும் பாட்டிலா கொண்டுவந்தேன்?
மீதித் தண்ணியை என்ன செய்வ வடிவு?
"முருங்கைக்கு ஊத்துவேன்."
எல்லா நாளும்?
"ஊத்துவேன்."
ஒருநாள்கூடக் குடிச்சதில்லையே?
அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
"ஞாபகம் இல்லையே" என்றாள்.

அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை,
ரெண்டு மாசம் வரை பார்க்கணும் என்றார்கள்.
எனக்கு மூன்றாம் வாரம் மூத்திரம் தெளிந்தது,
பசி வந்தது, கண் வெளுத்தது.
ஆவுடையப்பன் இதற்கும்
பச்சிலைக்காரர் பேரைத்தான் சொன்னார். சொல்லட்டும்.

காலையில் அவளை வாசலுக்குக் கூப்பிடுகிறேன்.
"சும்மா வாரும்" என்று திட்டிக்கொண்டே வருவாள்.
கிழக்கே பார்த்து நிறுத்தி
கீழ்இமையை விரலால் இழுத்துப் பார்க்கிறேன்.

வெள்ளை.
முப்பத்தெட்டாம் நாள்.